ஊழ் விளைந்த நேரத்தில் விசாரிக்காத அரசன்

மதுரையை எரித்த பிறகு கண்ணகி எங்கே போனாள் என்பதைச் சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் தெளிவாகவே சொல்லியிருக்கிறார். கணவன் கோவலனோடு கிழக்கு வாயிலில் நுழைந்தவள் மேற்கு வாயில் வழியாகத் தனியாக வெளியேறினாள். வைகையின் ஒரு கரையைப் பிடித்துக்கொண்டு, மேடு பள்ளம் பாராமல் நடந்து, நெடுவேள் குன்றத்தில் ஏறி, வேங்கை மரம் ஒன்றின் நிழலில் நின்றாள். 14ஆம் நாள் மாலை அங்கிருந்து கோவலனோடு விண்ணேறினாள். வைகையை எதிர்த்து மேற்கே நடப்பவர் கடைசியில் வந்து முட்டுவது தேனி மாவட்டத்து மலைகளில்தான். போடிநாயக்கனூருக்கு மேலே பிறந்து வரும் கொட்டக்குடி ஆறும், கம்பம் பள்ளத்தாக்கின் முல்லையாறும், சுருளியும் வைகைக்குத்தான் தண்ணீர் தருகின்றன. இந்த வழியைக் காப்பியத்தின் குறிப்புகளைக் கொண்டே தேடி நடந்த தமிழறிஞர் சி. கோவிந்தராசனார், கூடலூருக்கு மேலே எல்லை மலையில் சிதைந்து கிடந்த மங்கலதேவி கோயிலைக் கண்ணகி கோட்டமாக 1963இல் அடையாளம் காட்டினார். பழைய உரைமரபில் திருச்செங்கோட்டைச் சுட்டும் கருத்தும் உண்டு. ஆனால் ஏலமலைச் சரிவில் வாழும் மக்களுக்கு இதில் ஐயமே கிடையாது. ஆண்டுக்கு ஒரு நாள், சித்திரை முழுநிலவன்று, தேனி, இடுக்கி இரு மாவட்ட நிர்வாகங்களும் சேர்ந்து வழிவிட, பளியங்குடிப் பக்கமிருந்து நடந்தும் குமுளியிலிருந்து ஜீப்பில் ஏறியும் அவர்கள் அந்த மலைக்குப் போய்விடுகிறார்கள்.

அந்த மலையில் முடிகிற கதைக்குள் ஒரு வழக்கு இன்னும் தீராமல் கிடக்கிறது. கோவலனைக் கொன்றது யார்? பாண்டியனா, ஊழா?

இந்த வழக்கைக் காப்பியத்தின் பதிகமே தொடங்கி வைக்கிறது. நூல் சொல்ல வந்த உண்மைகள் மூன்று என்று அது அறிவிக்கிறது. அரசியலில் தவறியவருக்கு அறமே எமனாகும். பத்தினியை உயர்ந்தோரும் போற்றுவர். செய்த வினை தவறாமல் வந்து தன் பலனை ஊட்டும். மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டதால் முதலாவதும் மூன்றாவதும் ஒன்றோடொன்று மோதுவது நம் காதில் விழுவதில்லை. கோவலன் சாக வேண்டியது முற்பிறப்பு வினையால் முடிவாகிவிட்டது என்றால், அந்தச் சாவுக்குக் கருவியாக மட்டும் நின்ற அரசனை அறம் ஏன் கொல்ல வேண்டும்? அரசன்தான் குற்றவாளி என்றால் ஊழுக்கு அங்கே என்ன வேலை?

இதே சிக்கலைக் கிரேக்கத் துன்பியல் நாடகங்களில் ஐரோப்பிய அறிஞர்கள் நெடுங்காலமாக அலசி வருகிறார்கள். ஈஸ்கிலஸின் ஒரெஸ்டியா நாடகத் தொகுதி கி.மு. 458இல் ஏதென்ஸில் அரங்கேறியது. அதன் முதல் நாடகத்தில் அகமெம்னன் என்ற அரசன் டிராய்ப் போருக்குப் புறப்பட்டு ஆலிஸ் துறையில் நிற்கிறான். ஆர்ட்டெமிஸ் தேவியின் சினத்தால் எதிர்க்காற்று கப்பல்களைக் கட்டிப் போட்டிருக்கிறது. பெற்ற மகள் இஃபிஜீனியாவைப் பலியிட்டால்தான் படை நகரும் என்று குறிசொல்பவன் சொல்கிறான். அகமெம்னன் இரு பக்கமும் தூக்கிப் பார்க்கிறான். எந்தப் பக்கமும் கேடுதான் என்று உணர்கிறான். பிறகு கட்டாயத்தின் நுகத்தைத் தானே எடுத்துத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டான் என்று கோரஸ் சொல்கிறது. நுகம் தெய்வத்தினுடையது, மாட்டிய கை மனிதனுடையது. 1966இல் ஆல்பின் லெஸ்கி என்ற ஆஸ்திரிய அறிஞர் இந்த இடத்தை விளக்கும்போது, தெய்வத்தின் உந்துதலும் மனிதனின் முடிவும் ஒரே செயலுக்குள் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன என்றார். அதே ஆண்டு இ. ஆர். டாட்ஸ், சோபகிளிஸின் ஈடிப்பஸ் நாடகத்தை விதியின் பொம்மலாட்டமாகப் படிப்பது தவறு என்று எழுதினார். தந்தையைக் கொல்வான், தாயை மணப்பான் என்று டெல்ஃபியின் குறி சொன்னது உண்மை. ஆனால் உண்மையைத் தோண்டி எடுக்கச் சொல்லி எந்தத் தெய்வமும் ஈடிப்பஸைக் கட்டாயப்படுத்தவில்லை. குறிசொல்லும் டைரீசியஸ் தடுக்கிறான், மனைவி யோகாஸ்டா மன்றாடுகிறாள், கடைசியில் கிழட்டு இடையனும் கெஞ்சுகிறான். அவன் நிறுத்தவில்லை. தன் கண்களைக் குத்திக்கொண்டு வந்து நிற்கும்போதும், இந்தத் துன்பங்களை முடித்து வைத்தவன் அப்பலோ, ஆனால் குத்தியது என் கைதான் என்று இரண்டையும் தனித்தனியே சொல்கிறான்.

கிரேக்க நாடகத்திலிருந்து சிலம்பு எதையும் வாங்கிக்கொண்டது என்று சொல்ல இங்கே வரவில்லை. புகார் நகரத்தில் யவனர் குடியிருப்பை இளங்கோ காட்டுகிறார் என்பதைக் கொண்டு அப்படி முடிச்சுப் போடுவது அவசரம். ஒரே கேள்வியை இரண்டு மொழிகள் தனித்தனியே எதிர்கொண்டிருக்கின்றன. அந்த ஒப்பீட்டில் பெரும்பாலோர் ஈடிப்பஸைத்தான் எடுத்துக்கொள்வார்கள். எனக்கு நெருக்கமாகப் படுவது யூரிப்பிடிஸின் ஹிப்போலிட்டஸ். அதற்கு முன் கொலைக்களக் காதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

அரண்மனையில் ஆடல் நடக்கிறது. ஆடுமகளிரின் ஆட்டத்தில் அரசன் மனம் பறிகொடுத்தான் என்று ஊடல் கொண்ட கோப்பெருந்தேவி, தலைவலி என்று சொல்லி எழுந்து போய்விடுகிறாள். அவளைச் சமாதானப்படுத்தப் பாண்டியன் நெடுஞ்செழியன் அவளது மாளிகைக்கு விரைகிறான். வாசலில் பொற்கொல்லன் எதிர்ப்பட்டு விழுந்து வணங்குகிறான். தேவியின் சிலம்பைத் திருடிய கள்வன் என் குடிசையில் இருக்கிறான் என்கிறான். திருடியவன் அந்தப் பொற்கொல்லனேதான், குடிசையில் இருப்பவன் கண்ணகியின் சிலம்பை விற்க வந்த கோவலன். அரசன் நின்று யோசிக்கவில்லை. காவலரை அழைத்து, சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறான். வினை விளையும் காலம் வந்துவிட்டதால் வேம்பு மாலை அணிந்தவன் ஆராயாமல் விட்டான் என்கிறார் இளங்கோ. ஊழ், விசாரிக்காமை ஆகிய இரண்டு காரணங்களும் ஒரே வாக்கியத்தில் வந்து நிற்கின்றன.

அடுத்த காட்சி ஊழை மேலும் சிக்கலாக்குகிறது. போன காவலர்கள் உடனே வெட்டிவிடவில்லை. கோவலனைப் பார்த்ததும், இவன் கொல்லத்தக்கவன் போலத் தெரியவில்லையே என்று ஒருவன் சொல்கிறான். பொற்கொல்லன் சிரித்துவிட்டு, மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம் என்று தொடங்கித் திருடர்களுக்குத் துணையாகும் எட்டையும் விரித்து ஒரு பெரிய பாடமே நடத்துகிறான். இன்னொரு காவலன், மழை இருட்டில் தன் வாளையே பறித்துக்கொண்டு மறைந்த கள்வன் ஒருவனின் கதையைச் சொல்லி, விட்டுவிட்டால் அரசன் நம்மைத் தண்டிப்பான், என்ன செய்யலாம், சொல்லுங்கள் என்று மற்றவர்களைக் கேட்கிறான். அந்தக் கேள்விக்குப் பதில் வருவதற்குள் குடித்திருந்த ஒரு முரடன் வாளை வீசிவிடுகிறான். இத்தனை பேச்சுக்கும் நடுவில் கோவலன் வாய் திறப்பதாக இளங்கோ காட்டவில்லை. விதிப்படி நடந்தது என்று மட்டும் காட்டுவதுதான் நோக்கம் என்றால் இவ்வளவு தயக்கம் எதற்கு? ஒருவன் சந்தேகப்பட்டான், இன்னொருவன் பயந்தான், மூன்றாமவன் யோசிக்கவே இல்லை. கொலைக்கு முன் ஒவ்வொரு வாசலும் திறந்திருந்ததை அந்தக் கவிஞர் வேண்டுமென்றே காட்டுகிறார் என்றே நான் படிக்கிறேன்.

ஹிப்போலிட்டஸ் நாடகம் கி.மு. 428இல் முதல் பரிசு பெற்றது. தன்னை மதிக்காத இளைஞன் ஹிப்போலிட்டஸைப் பழிவாங்க அஃப்ரொடைட்டி தேவி முடிவு செய்கிறாள். அவனுடைய சிற்றன்னை ஃபேட்ராவுக்கு அவன்மேல் காதல் மூட்டுகிறாள். நாடகத்தின் முதல் காட்சியிலேயே தேவி மேடைக்கு வந்து, நடக்கப் போவதை எல்லாம் சொல்லிவிடுகிறாள். அவமானம் தாங்காத ஃபேட்ரா, ஹிப்போலிட்டஸ் தன்னைக் கெடுத்தான் என்று பொய்யாக ஓர் ஓலை எழுதி வைத்துத் தூக்கு மாட்டிக்கொள்கிறாள். கணவன் தீசியஸ் ஓலையைப் படிக்கிறான். படித்த மாத்திரத்தில், தன் தந்தை பொசைடன் தனக்கு அருளியிருந்த வரங்களில் ஒன்றைச் சாபமாக்கி மகன்மேல் ஏவுகிறான், நாட்டைவிட்டும் துரத்துகிறான். சத்தியம் கேட்கவில்லை, குறி கேட்கவில்லை, விசாரணை இல்லாமலே துரத்துவீர்களா என்று மகன் கேட்கிறான். தகப்பன் அசையவில்லை. கடலிலிருந்து ஒரு காளை எழுந்து குதிரைகளை மிரட்ட, தேர் நொறுங்கி ஹிப்போலிட்டஸ் சாகக் கிடக்கிறான். கோவலன் சிலம்பு விற்கப் போகும்போதும் ஒரு காளைதான் எதிரே வந்து பாய்கிறது. அது கெட்ட சகுனம் என்பதை அவன் அறியவில்லை.

கடைசியில் ஆர்ட்டெமிஸ் தோன்றித் தீசியஸிடம் எல்லாவற்றையும் விளக்குகிறாள். இதை விரும்பியவள் அஃப்ரொடைட்டி. ஒரு தெய்வத்தின் விருப்பத்தில் இன்னொரு தெய்வம் குறுக்கிடுவது எங்கள் வழக்கமில்லை என்கிறாள். அத்தோடு விட்டிருந்தால் தீசியஸ் தப்பித்திருப்பான். அவள் விடவில்லை. அறியாமல் செய்தாய், அதனால் நீ தீயவன் அல்ல. ஆனால் ஆதாரத்துக்குக் காத்திருக்கவில்லை, குறிசொல்பவரைக் கேட்கவில்லை, காலம் கொடுத்து ஆராயவில்லை, வேண்டியதைவிட வேகமாகச் சபித்துவிட்டாய் என்று ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறாள். விதியின் கணக்கை முழுதாக அறிந்த தெய்வமே மனிதனின் தவறை அந்தக் கணக்கில் வரவு வைக்க மறுக்கிறது.

சிலம்பில் ஆர்ட்டெமிஸின் இடத்தில் நிற்பவள் மதுராபதி. மதுரையின் காவல் தெய்வமான அவள், எரியும் நகரத்தில் கண்ணகியின் முகத்துக்கு நேரே வரத் துணியாமல் பின்னால் வந்து நின்று பேசுகிறாள். அவள் சொல்லும் முற்பிறப்புக் கதையை எல்லோரும் அறிவர். கலிங்க நாட்டில் சிங்கபுரமும் கபிலபுரமும் பகை கொண்டிருந்த காலம். சிங்கபுரத்துக்கு வணிகம் செய்ய வந்த சங்கமன் என்பவனை அரசுப் பணியாளன் பரதன், இவன் பகைவரின் ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்ல வைத்தான். சங்கமன் மனைவி நீலி 14 நாள் அழுது திரிந்து, மலையேறி உயிர்விடும்போது சாபமிட்டாள். அந்தப் பரதன்தான் கோவலன். அந்தக் கதையிலும் பொய்க் குற்றச்சாட்டு, விசாரிக்காத அரசு, கொல்லப்பட்ட வணிகன், தெருவில் நிற்கும் மனைவி. கணக்கு ஒன்றுக்கு ஒன்று சரியாகத்தான் இருக்கிறது.

ஆனால் இந்தக் கணக்கில் பெயர் எழுதப்பட்டவன் கோவலன் மட்டும்தான். நெடுஞ்செழியன் முற்பிறப்பில் என்ன செய்தான் என்று மதுராபதி சொல்வதில்லை. பொற்கொல்லனைப் பற்றியும் சொல்வதில்லை. கோவலன் ஏன் செத்தான் என்பதற்கு ஊழ் பதில் சொல்கிறது. அரசன் ஏன் விசாரிக்கவில்லை என்பதற்கு அவனுடைய பழைய வினை எதுவும் காப்பியத்தில் பதிலாக இல்லை.

மதுராபதி அதே மூச்சில் இன்னொரு கதையும் சொல்கிறாள். நம் பேச்சாளர்கள் அதை மேடையில் அதிகம் தொடுவதில்லை. திருத்தங்காலில் பராசரன் என்ற அந்தணன், வேதத்தை அழகாக ஓதிய தக்கிணாமூர்த்தி என்ற சிறுவனுக்கு மகிழ்ந்து நகைகளைப் பரிசளித்துவிட்டுப் போனான். பையன் கழுத்திலும் காதிலும் நகை மின்னுவதைக் கண்ட அரசு அதிகாரிகள், புதையல் எடுத்திருப்பார்கள் என்று அவனுடைய தந்தை வார்த்திகனைச் சிறையில் அடைத்தார்கள். மனைவி கார்த்திகை தெருவில் புரண்டு அழுதாள். கொற்றவை கோயிலின் கதவு திறக்க மறுத்தது. கதவு ஏன் திறக்கவில்லை என்று பாண்டியன் விசாரித்தான், அநியாயம் தெரிந்தது. வார்த்திகனை விடுவித்து, தன் அரசு செய்தது தவறு என்று ஒப்புக்கொண்டு, திருத்தங்காலையும் வயலூரையும் அவனுக்குக் கொடுத்தான். கதவு திறந்தது.

பாண்டியர் குலம் நீதி தவறாத குலம், நடந்தது ஊழ்வினைதான் என்று கண்ணகியின் சினத்தைத் தணிக்கவே தெய்வம் இதைச் சொல்கிறது. எனக்கோ இது தெய்வத்தின் வாயிலிருந்தே நெடுஞ்செழியனுக்கு எதிராக வரும் சாட்சியாகப் படுகிறது. அதே அரியணை, அதே வகைக் குற்றச்சாட்டு, நகையை வைத்தே சந்தேகம். அங்கே ஒரு கதவு திறக்காததைக் கண்டு அரசன் நின்று கேட்டான். இங்கே ஊடலைத் தணிக்கும் அவசரத்தில் இன்னொரு அரசன் நிற்கவில்லை. நின்று கேட்பது அந்த நாற்காலிக்கு முடியாத காரியமல்ல என்று காப்பியமே காட்டிவிட்டது.

கண்ணகி இதை முன்பே அறிந்தவள்போலத்தான் பேசியிருக்கிறாள். வழக்குரை காதையில் அவள் அரசனை விளிக்கும் முதல் சொல்லே, ஆராயாத மன்னனே என்பதுதான். ஆசிரியர் தன் கூற்றில் ஊழையும் விசாரிக்காமையையும் சேர்த்துச் சொன்னார். கண்ணகி ஊழை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டாள். தன் ஊரைச் சொல்லும்போதும் அவள் தேர்ந்தெடுப்பது புறாவுக்காகத் தன் உடலை அரிந்த சிபியையும், பசுவின் மணியோசை கேட்டு மகனைத் தேர்க்காலில் இட்ட சோழனையும்தான். வாயில்லாத உயிரின் வழக்கைக்கூடக் காது கொடுத்துக் கேட்ட அரசர்கள் அவர்கள். சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்ததும் நெடுஞ்செழியனும் ஊழைத் துணைக்கு அழைக்கவில்லை. நானே கள்வன், காவல் என்னால் தவறியது என்று சொல்லி உயிரை விட்டான். அந்த நேரத்தில் அவன் ஈடிப்பஸுக்கு நிகரானவன். பின்னர் செய்தி கேட்ட சேரன் செங்குட்டுவனும், வினை வளைத்துவிட்ட கோலைப் பாண்டியனின் உயிர் போய் நிமிர்த்தியது என்ற கருத்தில்தான் பேசுகிறான். வளைத்தது வினை, நிமிர்த்தியது மனிதன்.

கோவலனுக்கும் இதே நேர்மை உண்டு. மதுரைக்கு வெளியே கண்ணகியை விட்டு முன்பு தான் சேர்ந்து வாழ்ந்த மாதவி கோசிகனிடம் கொடுத்தனுப்பிய ஓலையைப் படித்துவிட்டு, அவள்மேல் பிழையில்லை, பிழை என்னுடையது என்று அவன் ஏற்றுக்கொள்கிறான். மாடலன் என்ற அந்தணன் வந்து, இந்தப் பிறப்பில் நீ செய்ததெல்லாம் நல்லவையே, இது பழைய வினையாகத்தான் இருக்க வேண்டும் என்று ஆறுதல் சொல்வது அதற்குப் பிறகுதான்.

புகாரில் ஒரு சின்னக் காட்சி இருக்கிறது. எனக்கு அது காப்பியத்தின் அச்சாணி. கெட்ட கனவு கண்ட கண்ணகியிடம் தோழி தேவந்தி, முற்பிறப்பில் கணவனுக்காகச் செய்ய வேண்டிய நோன்பு ஒன்றில் தவறிவிட்டாய், காவிரி கடலோடு கலக்கும் இடத்தில் சோமகுண்டம், சூரியகுண்டம் என்ற இரண்டு பொய்கைகளில் நீராடிக் காமவேளை வணங்கினால் கணவன் திரும்புவான் என்கிறாள். ஊழுக்குப் பரிகாரம் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. அது பெருமை தராது என்று ஒரே வார்த்தையில் மறுத்துவிடுகிறாள் கண்ணகி. வேறு கதவும் இருந்தது, அதைத் தட்ட வேண்டாம் என்பது அவள் எடுத்த முடிவு. கோவலன் வாசலில் வந்து நிற்பது அடுத்த கணம். சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள்.

கிரேக்கத் தெய்வங்களுக்கும் தமிழ் ஊழுக்கும் இடையே ஒரு பெரிய வேறுபாட்டை மறைக்கக் கூடாது. அஃப்ரொடைட்டிக்குக் கோபம் உண்டு, ஆர்ட்டெமிஸுக்குப் பிரியம் உண்டு. ஊழுக்கு முகமில்லை, யாரோ முன்பு செய்ததைத் திருப்பித் தருவதோடு அதன் வேலை முடிந்தது. அதனாலேயே ஊழின்மேல் பழிபோட்டுவிட்டு எழுந்து போவது இங்கே இன்னும் எளிது. அந்த எளிமையின் எல்லைக்கே போனவர்கள் ஆசீவகர்கள். எல்லாம் நியதிப்படி, மனித முயற்சியால் ஆவது ஒன்றுமில்லை என்பது அவர்கள் கொள்கை. மகளின் கதை கேட்ட பிறகு கண்ணகியின் தந்தை மாநாய்கன் செல்வத்தைத் தானம் செய்துவிட்டு ஆசீவகரிடம் போய்ச் சேர்ந்தான் என்று இளங்கோ ஓரிடத்தில் சொல்லிவிட்டுப் போகிறார். துயரம் தாங்காத ஒரு கிழவனுக்கு அந்தக் கொள்கை நிழலாக இருந்திருக்கும். அந்த நிழலில் அவன் ஒதுங்கியதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மகள் அங்கே ஒதுங்கவில்லை. முழு முற்பிறப்புக் கதையையும் கேட்டு முடித்த பிறகு, கணவனைக் காணும் வரை உட்காரவும் மாட்டேன், நிற்கவும் மாட்டேன் என்று சொல்லி மலையை நோக்கி நடந்தாள். திருக்குறளும் ஊழுக்கு 38ஆம் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டு, 62ஆம் அதிகாரமான ஆள்வினை உடைமையில் அதைப் புறங்காட்ட வைக்கலாம் என்று சொல்கிறது.

போடி மலைச்சரிவில் இது ஏட்டுக் கேள்வி அல்ல. விடிவதற்கு முன்பே ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு மலையேறும் பெண்கள், வளைவில் ஒரு வண்டி கவிழ்ந்த செய்தி வந்தால், தலையெழுத்து, கொடுத்து வைத்தது அவ்வளவுதான் என்றுதான் ஒருவரையொருவர் தேற்றிக்கொள்கிறார்கள். 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கி வந்த மலையேற்றக் குழுவினர் குரங்கணிக் காட்டுத் தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டோர் இறந்தபோதும் விதி என்ற சொல் ஊரெங்கும் கேட்டது. காய்ந்த புல், திசை மாறும் காற்று, கோடையின் தொடக்கம் ஆகியவை மனிதனுக்குக் கட்டுப்படாதவை. அந்த மாதத்தில் அந்தப் பாதையில் போக வழிவிட்டது யார் என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி. அரசு விசாரணைக்கு ஆணையிட்டது. பெற்றவர்களின் வாயில் விதி என்பது ஆறுதல். பொறுப்பில் இருப்பவர் வாயில் அதே சொல் வந்தால் அது நெடுஞ்செழியன்கூட எடுத்துக்கொள்ளாத சலுகை.

வஞ்சிக் காண்டத்தில் தெய்வமாகிவிட்ட கண்ணகி தோன்றி, பாண்டியன் குற்றமற்றவன், நான் அவன் மகள் என்கிறாள். ஹிப்போலிட்டஸும் சாகும் நேரத்தில் தகப்பனை மன்னித்துப் பழியிலிருந்து விடுவிக்கிறான். இரண்டு இடத்திலும் மன்னிப்பு, தவறு செய்தவன் அதை ஏற்றுக்கொண்ட பிறகுதான் வருகிறது. பாதிக்கப்பட்டவர் வாயிலிருந்துதான் வருகிறது. ஒரெஸ்டியாவின் முடிவிலோ பழிக்குப் பழி கேட்கும் சினத் தெய்வங்களுக்கு ஏதென்ஸ் ஒரு நீதிமன்றம் கட்டிக் கொடுக்கிறது. நீதிபதிகள் வாக்களிக்கிறார்கள். வாக்குகள் சமமாக, தாயைக் கொன்ற அகமெம்னனின் மகன் ஒரெஸ்டஸ் அதீனா தேவியின் வாக்கால் விடுதலையாகிறான். அந்தத் தெய்வங்கள் ஊருக்கு அருள் தருபவர்களாக அங்கேயே கோயில் கொள்கிறார்கள்.

மதுரையில் அப்படி ஒரு மன்றம் எழவில்லை. நெடுஞ்செழியனுக்குப் பின் கொற்கையிலிருந்து வந்து அரசேற்ற வெற்றிவேற் செழியன், பத்தினியின் சினம் தணிய 1000 பொற்கொல்லர்களைப் பலி கொடுத்தான் என்றும், அதன்பின் மழை பெய்து நாடு செழித்தது என்றும் சிலம்பின் உரைபெறு கட்டுரை பதிந்து வைத்திருக்கிறது. ஒருவன் திருடினான், அவன் தொழில் செய்த 1000 பேர் செத்தார்கள். அவர்களில் எவரும் எந்தப் பிறப்பில் என்ன செய்தார் என்று எந்தத் தெய்வமும் வந்து சொல்லவில்லை. எவருடைய வழக்கும் கேட்கப்பட்டதாகவும் நூலில் இல்லை.